தள்ளிப்போன கல்யாணமும் பெயரில்லாத டப்பியும்

என் கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது இவருடைய அப்பம்மா காலமானார். வயது 88. பொங்கலன்று முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று எல்லாருக்கும் சொன்னவர். ஒரு கிழமை கழித்து நித்திரையிலேயே போய்விட்டார். கார்டு பாதிப்பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. கூறை எடுத்து, சட்டை தைத்து, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. பொன்னுருக்கு மட்டும் நடக்கவில்லை. அது பெரிய ஆறுதல் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பொன்னை உருக்கித் தாலிக்குக் கொடுத்துவிட்டால் பிறகு மாப்பிள்ளை செத்தவீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். தூக்கி வளர்த்த அப்பம்மாவின் செத்தவீட்டுக்குப் போகாமல் இவர் எங்கே போய் நிற்பது?

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, 31 நாள். அது கழிக்கும் அந்தியேட்டிச் சடங்குக்குத் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவுக்குப் போனார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்பது ஐதீகம். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெளியூர்க்காரர் குளித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்; திருகோணமலைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கன்னியா என்றால் முப்பத்தொன்றுதான் நினைவுக்கு வரும். அது முடியும்போது மாசி பிறந்து ஒன்பது பத்து நாள் ஆகிவிட்டது. பங்குனியில் கல்யாணம் பேச்சே இல்லை. சித்திரை வேண்டாம் என்றார் மாமி. ஆட்டைத்திவசம், அதாவது முதல் வருசத் திவசம், முடியட்டும் என்று அவர்கள் பக்கத்துப் பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். கடைசியில் ஐயர்தான், “பேரப்பிள்ளைதானே, வருசம் காக்கத் தேவையில்லை. வைகாசியில் நல்ல நாள் இருக்கு” என்று வழி விட்டார்.

ஆக, நாலு மாதம் கிடைத்தது. அந்த நாலு மாதத்தை நான் எப்படிப் பாழாக்கினேன், பிறகு எப்படித் தப்பினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நாள் தள்ளிப்போன பெண் யாராவது இதைப் படித்தால், நான் முகத்தில் வாங்கியதை அவர் வாங்காமல் இருக்கட்டும்.

முதலில், அதுவரை என்னென்ன செய்து வைத்திருந்தேன் என்று சொல்கிறேன். மார்கழியில் தலைமுடியை மருந்து போட்டு நேராக்கும் ரிபோண்டிங் செய்தேன், 18,000 ரூபா. அலங்காரத்துக்குப் பேசியிருந்த அக்காவின் பார்லரிலேயே ஆறு ஃபேஷியல் ‘பெக்கேஜ்’ எடுத்து முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினேன். நாலு முடிந்திருந்தது, இரண்டு பாக்கி. அலங்காரத்துக்குத் தனியாக 15,000 அட்வான்ஸ். எங்கள் அம்மாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. “எங்கட காலத்தில் பயத்தம்மா பூசி முழுகினம், அவ்வளவுதான். முகம் கழுவக் காசு குடுக்கிற ஊரை நான் இப்பத்தான் பார்க்கிறன்” என்பார். அந்த ஆறில் ஒன்றுக்குக் ‘கோல்ட் ஃபேஷியல்’ என்று பெயர். பொன்னுருக்குக்கு ஒரு பவுன் காசு வாங்கவே அப்பா நாலு கடை ஏறி இறங்கின நேரத்தில், நான் முகத்துக்குப் பொன் பூசிக்கொண்டிருந்தேன்.

இதில் எது நாளோடு கட்டுப்பட்டது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க அப்போது எனக்குத் தெரியவில்லை. ரிபோண்டிங் நாளோடு கட்டுப்பட்டது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். மார்கழியில் நேராக்கிய முடி தையில் நேராக இருக்கும். வைகாசியில் வேரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் என் சொந்தச் சுருள், அதற்குக் கீழே கம்பி மாதிரி நேர்முடி. இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்தது போல மடிப்பு. திரும்பவும் செய்யலாமா என்று கேட்டதற்கு அக்கா, “ஏற்கெனவே மருந்து பட்ட முடியில் மறுபடி மருந்து பட்டால் அந்த மடிப்பிலேயே ஒடியும்” என்று மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு சொன்னதுதான் உறைத்தது: “எப்படியும் சடை வைத்துப் பூச் சுத்தித்தானே விடப்போறன். நேர்முடியோ சுருள்முடியோ ஆருக்குத் தெரியப்போகுது?” 18,000 ரூபா. இதை மார்கழியிலேயே அவர் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

சட்டையும் அப்படித்தான். நாலு மாதத்தில் உடம்பு ஒன்றில் ஏறும், இல்லை இறங்கும். எனக்கு இறங்கியது. தையல்கார அக்கா உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்ததால் ஏறியிருந்தாலும் பிரித்துச் சரிசெய்திருப்பாராம். சிலர் அழகாக இருக்க வேண்டும் என்று உள்துணியை ஒட்ட வெட்டிவிடுவார்கள். கல்யாணச் சட்டைக்கு அது வேண்டாம்.

சரி, போன் எடுத்த கதைக்கு வருகிறேன். துக்கம் நடந்த மூன்றாம் நாளே மண்டபத்துக்குச் சொன்னோம். படம் எடுப்பவருக்கும் மணவறைக்காரருக்கும் சொன்னோம். அலங்கார அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டதோடு விட்டுவிட்டேன். அவர் “கவலைப்படாதே, பிறகு பார்ப்பம்” என்று பதில் போட்டிருந்தார். புதிய நாள் முடிவாகி, அதை நான் அவருக்குச் சொல்ல இரண்டு கிழமை ஆனது. சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “பிள்ளை, அண்டைக்கு எனக்கு மூதூர்ப் பக்கம் ஒரு பொம்பிளை இருக்கே” என்றார்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் எனக்கு மட்டும் எழுதியிருக்கவில்லை. வைகாசியில் நாலைந்து முகூர்த்தம்தான் தேறும். மாவட்டத்தில் கல்யாணம் வைத்திருக்கிற எல்லாரும் அந்த நாலைந்துக்குள்தான் நெருக்குவார்கள். ஆகவே நாளைக் குறித்த பிறகு அலங்காரக்காரரைக் கேட்காதீர்கள். ஐயரிடம் இரண்டு மூன்று நாள் வாங்கிக்கொண்டு, மண்டபம், அலங்காரம், படம் மூன்று பேரிடமும் ஒரே நாளில் கேட்டுவிட்டுப் பிறகு ஒன்றைக் குறியுங்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். மேக்கப்புக்காக நாள் பார்ப்பதா என்பார்கள். மண்டபம் கிடைக்கிறதா என்று பார்ப்போம் என்று சொல்லி ஆரம்பியுங்கள், மற்றது தானாக நடக்கும்.

என் அதிர்ஷ்டம், மூதூர்ப் பெண்ணின் முகூர்த்தம் பதினொரு மணிக்கு மேல். எங்களுடையது காலை 6.10. பழைய மண்டபம் அந்த நாளில் இல்லை என்றானதால் கோயிலில் தாலி கட்டி, பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் சாப்பாடு என்று மாறியிருந்தது. அக்கா எங்கள் வீட்டிலிருந்து விடிய 5.15க்குப் புறப்பட்டால் மூதூருக்குப் போய்ச் சேரலாம். மூதூருக்குப் போகும் வழியில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததால் இந்தக் கணக்குச் சரிவந்தது. முன்பு போலப் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்கும் காலமாக இருந்திருந்தால் எங்களில் ஒருத்தி பவுடர் மட்டும் பூசிக்கொண்டு மணவறை ஏறியிருப்போம்.

அட்வான்ஸ் காசு பற்றி இரண்டு வார்த்தை. அலங்கார அக்கா ஒரு சதம் பிடிக்காமல் புதிய நாளுக்கு மாற்றித் தந்தார். பழைய மண்டபம் பாதியைப் பிடித்துக்கொண்டது. சண்டை போடப் போனால், ரசீதின் பின்பக்கத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் அது இருந்தது. மரணம் என்றாலும் அதே விதிதானாம். இனி யாருக்கும் அட்வான்ஸ் கட்டினால், ‘துக்கம் நேர்ந்தால் ஒரு தடவை நாள் மாற்றலாம்’ என்ற வரியை ரசீதில் பேனாவால் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். பெக்கேஜ் எடுத்தால் முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்கமாட்டேன். என் ஃபேஷியல் கார்டில் ‘மூன்று மாதத்துக்குள்’ என்று அச்சடித்திருந்ததையே நாள் மாறின பிறகுதான் பார்த்தேன்.

இனி முகம்.

பொருத்தம் பார்த்தபோது யாரும் என் நிறத்தைக் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை, மாமியும் கேட்கவில்லை. நாள் தள்ளிப்போன பிறகு நானேதான் கேட்கத் தொடங்கினேன். மாசி வெயிலில் உப்புவெளியிலிருந்து டவுனுக்கு ஸ்கூட்டியில் போய் வந்து கொஞ்சம் கறுத்திருந்தேன் போல. ஒரு சித்தி பார்த்துவிட்டு, “தையிலேயே முடிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும், அப்ப வெளிச்சாயிருந்தாய்” என்றார். பாசத்தில் சொன்னதுதான். அன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றேன்.

வேலைத்தலத்தில் ஒருத்திக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே கிரீம் கலந்து விற்கிறார் என்றார்கள். போனேன். வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பி, தேசிக்காய் அளவு, மேலே ஒரு எழுத்தும் இல்லை. 2,500 ரூபா. மூடியைத் திறந்தால் மங்கலான மஞ்சள், ரோஜாப் பூ வாசம். “இரவில் மட்டும் பூசுங்கோ. வெயிலில் திரியாதீங்கோ. நாலு மாசம் இருக்குத்தானே, ஆளே மாறிடுவீங்கள்.” காசை வாங்கி வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல ஒன்று சொன்னார்: “பூசேக்க மோதிரத்தைக் கழற்றி வைச்சிட்டுப் பூசுங்கோ.” நிச்சயதார்த்த மோதிரம் அழுக்காகாமல் இருக்கச் சொல்கிறார், நல்ல மனிசி என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. தாடையில் வருடக்கணக்கில் வந்துபோகும் பருக்கள் ஒன்றும் இல்லை. கன்னம் வெளுத்திருந்தது. வேலைத்தலத்தில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருத்திக்கு நானே விலாசம் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலாவது கிழமை கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. டப்பியை மறந்துபோய் வீட்டில் விட்டுவிட்டேன். மூன்றாம் இரவு கன்னம் எரியத் தொடங்கியது. இரவு ரயிலில் திரும்பி வரும்போது முகத்துக்குத் துவாயைப் போர்த்திக்கொண்டு வந்தேன். காற்றுப் பட்டால் எரிவு. காலையில் வாயைச் சுற்றியும் தாடையிலும் குருணிக் குருணியாகச் சிவந்த பருக்கள். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றால் மிளகாய்த்தூள் பூசின மாதிரி இருந்தது. அன்றிரவு திரும்பவும் அந்தக் கிரீமைப் பூசினேன். காலையில் எல்லாம் அடங்கிவிட்டது. “கிரீம் நல்லதுதான், விட்டதுதான் பிழை” என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவது ஒத்திகை மேக்கப்புக்குப் பார்லருக்குப் போனபோது அக்கா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். விரலால் கன்னத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். மூக்கின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு நூல் மாதிரி இரத்தக்குழாய்கள். “என்ன பூசுறாய்?” என்றார். நான் சொன்னதும் கையிலிருந்த ஸ்பொஞ்சை வைத்துவிட்டார். “நான் இதில் கைவைக்க மாட்டன். முதல்ல டொக்டரிட்டப் போ.” வாசலில் யாரோ போட்டிருந்த வாடின பூமாலையை ஒரு புள்ளிமான் நின்று சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மான் ரோட்டில் திரிவது புதினமில்லை. அழுதுகொண்டே ஸ்கூட்டி எடுக்கும்போது அது நகராமல் நின்றதுதான் கோபம்.

தோல் டொக்டர் டப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேள்விதான் கேட்டார். பூசினால் அடங்குதா? விட்டால் எரியுதா? சூட்டுக்கு முன்னால் நின்றால் சிவக்குதா? மூன்றுக்கும் ஓம். பிறகு விளக்கினார். இப்படியான கலவைகளில் பெரும்பாலும் வலுவான ஸ்டீரொய்ட் இருக்கும், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் மாதிரி. எக்ஸிமா போன்ற தோல் நோய்களுக்கு டொக்டர் சொன்ன இடத்தில் சொன்ன நாளுக்கு மட்டும் பூசுகிற மருந்து அது. முகத்தில் பூசினால் இரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் வெளுத்தது போலத் தெரியும். வீக்கத்தை அடக்கும், அதனால் பரு மறையும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். நிறுத்தினால் அடக்கி வைத்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அந்த எரிவுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். நான் செய்தது அச்சொட்டாக அதுதான்.

மோதிரக் கதையைச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். வெளுக்க வைக்கும் கிரீம்களில் சிலவற்றில் பாதரசம் கலப்பார்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும். பட்ட இடம் வெள்ளிபோல வெளிறும். அதனால்தான் நகையில் படவிடாதே என்று சொல்லி விற்பார்கள். என் டப்பியில் அது இருந்ததா இல்லையா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையே போதும், எறிந்துவிட. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசினவரின் கையிலிருந்து, துவாயிலிருந்து வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களைத் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. எழுத்தே இல்லாத டப்பிக்கு எந்த உடன்படிக்கை? என்ன கலந்திருக்கிறது, யார் செய்தது, எப்போது காலாவதி என்று மூன்றும் அச்சிடாத எதையும் இப்போது நான் காலுக்குக்கூடப் பூசுவதில்லை. தாய்மையடையும் எண்ணத்தில் இருக்கிற கல்யாணப் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று டொக்டர் தனியாகச் சொன்னார்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கிரீமை நிறுத்து. வாசனையில்லாத சாதாரண மொய்ஸ்சரைஸர் பூசு. சன்ஸ்கிரீன் போடு. சில மாத்திரை. கல்யாணம் வரைக்கும் ஃபேஷியல், பிளீச், ஸ்கிரப், ஆவி பிடித்தல் எதுவும் வேண்டாம். கையில் பத்துக் கிழமை இருந்தது. “நூறு வீதம் மாறும் என்று சொல்லமாட்டன், ஆனால் நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் நல்லா மாறும்” என்றார். எல்லாரும் எப்படி நிறுத்துவது என்பது அவரவர் பூசின காலத்தையும் மருந்தையும் பொறுத்தது. என்னுடையதைப் பார்த்து நீங்களாக முடிவெடுக்காமல் டொக்டரைப் பாருங்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசு என்று நினைக்காதீர்கள். முதல் மூன்று கிழமை நான் வெளியே போனதெல்லாம் மாஸ்க் போட்டுத்தான். ஒரு பெரியம்மா தேசிக்காய்ப் புளியில் மஞ்சள் குழைத்துக் கொண்டுவந்தார், தன் கையாலேயே. தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுப்புத் தழும்பு விழும். நல்ல தோலுக்கே அப்படி. எனக்கோ அப்போது இருந்தது வெங்காயத்தோல். பெரியம்மாவின் மனம் நோகாமல் அதைக் காலுக்குப் பூசுகிறேன் என்று வாங்கி வைத்தேன். அக்கா வேறு, நல்லவேளையாக, பாக்கி இரண்டு ஃபேஷியலையும் செய்யமாட்டேன் என்று அவராகவே நிறுத்திவிட்டார்.

சன்ஸ்கிரீனை அதுவரை நான் பொட்டுப் பொட்டாகத்தான் வைத்திருக்கிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். வெயிலில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். கச்சான் காற்று தொடங்கின பிறகு ஸ்கூட்டியில் போனால் முகத்தில் மண்ணும் சூடும் சேர்ந்து அடிக்கும். பருத்தி ஷோல் ஒன்றைச் சுற்றிக்கொண்டேன். ஆறாவது கிழமை அடுப்புக்கு முன்னால் நின்றபோது எரியவில்லை. அன்றைக்குத் தேங்காய்ப்பால் சொதி நான்தான் வைத்தேன்.

பருவம் மாறினால் மேக்கப்பும் மாறும் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தையில் வாடைக்காற்று, குளிர்ச்சி, மண்டபத்துக்குள் விளக்கு வெளிச்சம். அதற்குத் தெரிந்தெடுத்த பேஸ் பளபளப்பானது, என் நிறத்தைவிட இரண்டு படி வெளிச்சம். வைகாசியில் கோயில் வாசலில், விடிகாலை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தோம். முகம் ஓர் ஊர், கழுத்து ஓர் ஊர். அக்கா அதைத் துடைத்துவிட்டு, தாடைக்கும் கழுத்துக்கும் இடையில் மூன்று நிறம் தடவிப் பார்த்து, இருக்கிற இடமே தெரியாமல் மறைந்ததை எடுத்தார். அது என் சொந்த நிறம். பகல் கல்யாணம் என்றால் ஒத்திகையைப் பகலில், வெளியில், முகூர்த்த நேரத்திலேயே பாருங்கள். ட்யூப் லைட்டுக்குக் கீழே எல்லாரும் அழகுதான்.

பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. புருவ நூல் நாலு நாளுக்கு முன். கை கால் வேக்சிங் அதே நாள். பருவுக்கு ரெட்டினொய்ட் வகை மருந்து பூசுபவர்கள் அந்த இடத்தில் வேக்சிங் செய்யக்கூடாது, தோலோடு உரிந்துவிடும். புருவத்தைத் தவிர முகத்தில் எனக்கு எதுவுமே செய்யவில்லை. மருதாணி இரண்டு நாளுக்கு முன் பின்னேரம். முதலில் செம்மஞ்சளாகத்தான் தெரியும், ஒன்றிரண்டு நாளில்தான் இருளும். முந்தின இரவு போட்டுவிட்டு ஏன் சிவக்கவில்லை என்று அழக்கூடாது. ‘உடனே கறுக்கும்’ என்று விற்கிற கறுப்பு மருதாணிக் கோனைத் தொடாதீர்கள். அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற பொருளைக் கலப்பார்கள், கோலம் போட்ட கோடெல்லாம் கொப்புளமாக எழும்பும். எதுவாக இருந்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். இதற்காவது நாள் தள்ளிப்போனது உதவியது. எனக்கு நேரம் தாராளமாக இருந்தது.

நாங்கள் எல்லாரும் கணக்குவிட்டது தலைமுடி காய்கிற நேரத்தை. 6.10 முகூர்த்தம். அக்கா 5.15க்குப் போக வேண்டும். அலங்காரத்துக்கும் சேலை கட்டவும் மூன்று மணித்தியாலம். அப்படியென்றால் இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பால் அறுகு வைத்து முழுக வேண்டுமே! அம்மா பட்டியல் போட்டு வைத்திருந்தார், ஐந்து சோடி. அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து ஒவ்வொருவராகத் தலையில் வைக்க வைக்க, பால் காதுக்குள் வழிகிறது. அதற்குப் பிறகு முழுகி, என் முழங்கை வரை நீளமான முடி காய வேண்டும். முந்தின நாள்தான் இது யாருக்கோ ஞாபகம் வந்தது. ஐயருக்குப் போன் போட்டு அறுகுக்கு நேரத்தை 12.30 ஆக்கினோம். இரண்டு சோடிப் பெரியவர்கள் அந்த நேரத்துக்கு எழும்ப மாட்டோம் என்றார்கள். ஐந்து மூன்றானது. ஒற்றைப்படையாக இருந்தால் சரியாம். பாலும் தேங்காயெண்ணெயும் போகாவிட்டால் சடை வழுக்கும் என்று ஷாம்பு இரண்டு தடவை போட்டு, பிறகு மேசை விசிறிக்கு முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மச்சாள் ஹெயார் ட்ரையரைக் குளிர் காற்றில் வைத்துப் பிடித்துக்கொண்டே நித்திரை தூங்கி விழுந்தாள். வேரில் சுருள், நுனியில் நேர். 18,000 ரூபா முடியை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன்.

ஓமப்புகையில் கண் கலங்கும் என்பதால் வோட்டர்புரூஃப் மஸ்காரா. வியர்வையைத் துடைக்கக்கூடாது, டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், அதற்கு மேல் பவுடர் அப்பக்கூடாது என்று தோழிக்கு அக்கா மூன்று தடவை பாடம் எடுத்தார். இடது தாடையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. “இருக்கட்டும், அதுக்கு மேல பூசினால் திட்டாத் தெரியும்” என்று விட்டுவிட்டார். சரியாக 5.20க்கு அவருடைய ஓட்டோ கிண்ணியாப் பக்கம் பறந்தது. தாலி கட்டி முடித்துக் கோணேசரைக் கும்பிட மலையேறினபோது கடற்காற்றில் கூறை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். அந்தப் படங்கள்தான் இன்று அல்பத்தில் எல்லாரும் முதலில் புரட்டிப் பார்க்கிறவை.

கிரீம் விற்றவரிடம் நான் விலாசம் கொடுத்து அனுப்பின பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏற்கெனவே இரண்டாவது டப்பியில் இருந்தாள். இப்போது அவளும் அதே கிளினிக்கில்தான்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு அக்கா போன் எடுத்தார். கார்டில் இரண்டு பாக்கி இருக்கிறது, காலம் தாண்டினாலும் பரவாயில்லை, யாரையாவது அனுப்பு என்றார். நான் அம்மாவை அனுப்பினேன். “முகம் கழுவவோ?” என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனார். பிளீச் வேண்டாம், சும்மா ஒரு கிளீனப் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். கதிரையில் சாய்ந்து பத்து நிமிடத்தில் குறட்டை விட்டாராம். ஒரு மணித்தியாலம் எழுப்பவில்லையாம். வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, மற்றதுக்கு எப்ப வரச் சொன்னவ என்று கேட்டார்.